பரணிலிருந்து இறங்கிய தட்டுகள்

என் அம்மா கரும்பு வெட்டவும் மரவள்ளி பிடுங்கவும் கூலிக்குப் போகிறவள். எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆனாலும் நான் வயதுக்கு வந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு பொங்கல் முடிந்ததும் சங்கராபுரம் பாத்திரக் கடைக்குப் போய் எவர்சில்வரில் ஏதாவது ஒன்று வாங்கி வருவாள். ஒரு வருஷம் அன்னக்கூடை. ஒரு வருஷம் ஆறு தட்டு. இன்னொரு வருஷம் மூடி போட்ட குண்டான். கடைக்காரர் புள்ளி புள்ளியாகக் கொத்தி என் பெயரைப் போட்டுக் கொடுப்பார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டே வருவாள். என்னைவிட எட்டு வயது சின்னவளான தங்கை, தன் பெயரில் எப்போது வாங்குவாய் என்று கேட்டு அழுவாள்.

கச்சிராயபாளையம் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மாமனார் அணைத் தண்ணீர் பாயும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தார். வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டினார். சீர் வந்து இறங்கிய அன்று சாயங்காலமே மாமியார் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றச் சொன்னார்.

“நல்லது கெட்டதுக்கு ஆவும். தெனப்படிக்கு எதுக்கு அதெல்லாம்” என்றார்.

எனக்கு ஒரு அலுமினியத் தட்டு கொடுத்தார்கள். அதன் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. குழம்பு ஊற்றினால் அந்தப் பக்கமாக ஓடித் தேங்கும். ஆறு வருஷம் அதில்தான் சாப்பிட்டேன். என் பெயர் போட்ட பதினெட்டுத் தட்டுகள் தலைக்கு மேலே சாக்குக்குள் கிடந்தன.

அந்தச் சமையலறையில் என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டது புளி ஒன்றுதான். மாசி, பங்குனியில் கல்வராயன் மலையிலிருந்து பெண்கள் புளியும் சாமையும் கொண்டுவந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து விற்பார்கள். நான் போய் ஒவ்வொரு மூட்டையாகக் கிள்ளிப் பார்த்து, சதை பிடிப்பாகவும் செக்கச்சிவந்தும் இருப்பதை மட்டும் எடுப்பேன். கொட்டையும் நாரும் நீக்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அழுத்தி வைப்பேன். மறு வருஷம் அது கறுத்துப்போய், கையில் எடுத்தாலே நாக்கில் நீர் ஊறும். அந்தப் பழம்புளியில் கத்தரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்தால் மாமனார் வட்டிலை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா” என்பார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான். அதை நான் பெரிதாக நினைத்திருந்தேன்.

குழந்தை இல்லை. கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மா என்னைச் சோதித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் குறையில்லை, வீட்டுக்காரரை அழைத்து வா என்றார். அவர் வரவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஆறாம் வருஷம் ஆவணியில் ஒருநாள் காலை, ஏணி போட்டுப் பரணிலிருந்து சாக்குகளை இறக்கினார்கள். வெள்ளிக்கிழமை குலசாமிக்குப் பொங்கல் வைக்கப்போகிறோம், சொந்தக்காரர்கள் வருகிறார்கள், எல்லாவற்றையும் பளிச்சென்று தேய்த்து வை என்றார் மாமியார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. மத்தியானம் வரை கிணற்றடியில் உட்கார்ந்து, புளிச்சக்கையும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். ஆறு வருஷப் பிசுக்கு போய் என் பெயர் ஒவ்வொரு தட்டிலும் மினுங்கியது. பரண் கதவு திறந்துவிட்டது, இனிமேல் நானும் இந்த வீட்டு மனுஷிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை உளுந்தூர்பேட்டையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. வடை, பாயசம், காரக்குழம்பு என்று எல்லாம் நானே சமைத்து நானே பரிமாறினேன். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா, தட்டின் ஓரத்தில் இருந்த பெயரைப் படித்துவிட்டு அது யார் என்று கேட்டார். உறவில் ஒரு பெண் என்று மாமியார் சொன்னார். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ இன்னா வேணும் இவங்களுக்கு?”

நான் வாய் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். “தங்கச்சி பொண்ணு. ஒத்தாசைக்கு வந்துகினு போவும்.”

கையில் குழம்புக் கரண்டியோடு நின்றேன். எதற்கு அப்படிச் சொல்கிறார் என்று புரியவில்லை. அந்த அம்மா மாமியார் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “மொத சம்சாரம் போயி எவ்ளோ நாளாவுது?” என்று கேட்டார்.

வீட்டுக்காரர் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலை குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் மாமனார். இருவரில் ஒருவர் நிமிர்ந்து என்னைப் பார்த்திருந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இருவரும் நிமிரவில்லை.

“நாந்தாங்க அந்த மொத சம்சாரம். இன்னும் போவல” என்றேன்.

அந்த அம்மா பாதிச் சாப்பாட்டிலேயே தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். வேன் போன பிறகு, குடும்ப மானத்தை வாங்கிவிட்டாய் என்று மாமியார் என் தலைமுடியைப் பிடித்தார். மாமனார் செருப்பைப் போட்டுக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்து போய்விட்டார். நான் உடுத்தியிருந்த சேலையோடு டவுன் பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு வந்தேன்.

உண்மையைச் சொன்னதால் அந்தச் சம்பந்தம் முறிந்திருக்கும் என்று நம்பினேன். முறியவில்லை. முதல் சம்சாரத்திடம் முறையாக விடுதலை எழுதி வாங்கி அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று மட்டும் அவர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பக்கமும் பேசினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். சேர்ந்து வாழச் சொல்லி அம்மா கெஞ்சவில்லை. பாத்திரங்களை மட்டும் வாங்காமல் விடமாட்டேன் என்று நின்றாள்.

லோடு ஆட்டோவில் அவை திரும்பி வந்தன. சாக்கைப் பிரித்தபோது, அன்றைக்குச் சாப்பிட்ட எச்சில்கூடக் கழுவப்படாமல் குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த ஆட்டோவில் புளி ஜாடி வரவில்லை. முக்கால் ஜாடி இருந்தது, இரண்டு வருஷத்துப் புளி. கேட்க வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டேன். இன்றுவரை என்னால் விட முடியாதது அதுதான். தாலியைக் கழற்றியபோதுகூட வராத அழுகை அதை நினைத்து வந்தது.

பிறகு கள்ளக்குறிச்சியில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. பக்கத்திலேயே ஒற்றை அறை எடுத்து, பாத்திரங்களையும் அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் மாமனாரைப் பார்த்தேன். அவரே கிட்டே வந்தார். மன்னிப்பாக ஏதாவது சொல்லப்போகிறார் என்று நின்றேன். கொஞ்ச நேரம் கையிலிருந்த துண்டை முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, “கொழம்பு முன்ன மாரி இல்லம்மா” என்றார். என் பஸ் இல்லை என்று தெரிந்தும் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

தங்கைக்குப் போன தை மாதம் கல்யாணம் கூடிவந்தது. அம்மாவுக்கு இப்போது முட்டி வலி, முன்போல் வேலைக்குப் போவதில்லை. உன் பாத்திரங்களைக் கொடுத்துவிடு, பாலிஷ் போட்டுப் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைக் கொத்திவிடலாம் என்றாள். எனக்கும் அது சரியென்று பட்டது. லீவு நாளில் எல்லாவற்றையும் இறக்கித் தேய்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள்.

“கோச்சிக்காதக்கா. அந்தப் பாத்திரம் வேணாம்.”

மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

“அவங்க ஒண்ணும் சொல்லல. நாந்தான் வேணாங்கறேன்.”

வாழாமல் வந்தவளின் சீரோடு தன் வாழ்க்கையைத் தொடங்க அவளுக்குப் பயம். அவள் இடத்தில் நான் இருந்தாலும் பயந்திருப்பேனோ என்னவோ. அது புரிகிறது. ஆனால் புரிவதனால் மனசு ஆறுவதில்லை. சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டு, ஈரம் காயாத தட்டுகளையே அடுக்கி உள்ளே வைத்தேன்.

கல்யாணத்தன்று மண்டபத்துச் சமையல்கட்டிலேயே இருந்துகொண்டேன். முன்னால் வராதே என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் கூப்பிடவில்லை. கடைசிப் பந்தி நடக்கும்போது தங்கை மாலையும் கழுத்துமாகப் பின்கட்டுக்கு வந்து, சாப்பிட்டாயா அக்கா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அவளை யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். நான் கைகளைக் கழுவிக்கொண்டு, அம்மாவிடம்கூடச் சொல்லாமல், பின்வாசல் வழியாக பஸ்ஸுக்கு நடந்தேன்.