பெயர் எழுதாத கேள்வி

நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம் என்னிடம் இருக்கிறது. அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்தது. மேலே சிவப்பு மையில் என் எழுத்து, கீழே நீல மையில் இன்னொருவருடைய எழுத்து. மேசை லாச்சியில் எதைத் தேடினாலும் அதுதான் முதலில் கையில் தட்டுப்படும். கிழித்துப் போட எத்தனையோ தடவை வெளியே எடுத்திருக்கிறேன். பிறகு பழையபடி உள்ளே வைத்துவிடுவேன்.

கல்முனையில் நான் இஸ்லாம் படிப்பித்த பாடசாலையில் கிறிஸ்தவமும் வரலாறும் படிப்பித்தவர் அந்தச் சேர். ஆசிரியர் அறையில் எனக்கு நேரெதிர் மேசை. உள்ளதைச் சொல்கிறேன், அந்த மனுசனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகள் அவருடைய மேசையைச் சுற்றிக்கொள்வார்கள். தொப்பி போட்ட எங்கள் பிள்ளைகளும்தான். என் மேசைக்கு வருகிறவன் ஏதாவது குழப்படி செய்து பிடிபட்டவனாக இருப்பான். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒருநாள் பகல் சோறு சாப்பிடும்போது, அதே பாடசாலையில் படித்த என் சொந்த மகளே, "அந்த சேர் கதைச்சா நேரம் போறதே தெரியா வாப்பா" என்றாள். "அப்ப நான் கதைச்சா?" என்று கேட்டேன். மீன்முள் எடுக்கிற சாட்டில் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள்.

பெற்றாரை அழைத்து வருடா வருடம் சமய நல்லிணக்கக் கூட்டம் வைப்பார்கள். அதில் பேசுவது நான்தான். அந்த மேடை ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அந்த வருடம் அதிபர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க ஒவ்வொரு வருசமும் கதைக்கிறதானே மௌலவி, இந்த முறை சேர் கதைக்கட்டும்" என்றார். "ஓம், அதுக்கென்ன" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பைச் சிரிக்க நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

தவணைப் பரீட்சைக் காலம் அது. கூட்டத்தன்று கடைசி வரைக்கும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அப்படியே எழும்பி, அவர் மேடைக்குப் போனார், நான் மூன்றாவது வரிசையில் குந்தினேன். மண்டபத்தில் ஒரு பாதி தமிழ்ப் பெற்றார், மறுபாதி எங்கள் ஆட்கள். அவர் எடுத்துக்கொண்டது ஈசா நபியை, அவர்கள் சொல்லும் இயேசுவை, மதத்தலைவர்கள் கேள்வி கேட்டு மடக்கப் பார்த்த கதைகளை. உரோமப் பேரரசன் இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். ஆம் என்றால் சொந்தச் சனம் வெறுக்கும், இல்லை என்றால் உரோமர் பிடிப்பார்கள். "அவங்க அறிஞ்சுகொள்ளக் கேக்கல்ல, விழுத்தக் கேட்டாங்க" என்றார் சேர். என் பக்கத்தில் இருந்த பள்ளிவாசல் தலைவர், "சுப்ஹானல்லாஹ், என்ன மாதிரிக் கதைக்கார்!" என்று என் தொடையில் தட்டினார். என்னைப் பார்த்து ஒருநாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

கேள்விகளைத் துண்டில் எழுதிக் கொடுக்கலாம், பெயர் தேவையில்லை என்று அறிவித்தார்கள். கேள்வி கேட்டு மடக்கப் பார்த்தவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டே, வெட்கங்கெட்ட நான், பொக்கற்றிலிருந்த திருத்துகிற பேனையை எடுத்து எழுதினேன்: 'கல்முனை யாருடைய ஊர்? தமிழருடையதா, முஸ்லிம்களுடையதா?' எதைச் சொன்னாலும் பாதி மண்டபம் அவரை விட்டு எழும்பிப் போகும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

சேர் துண்டைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார். கதிரைகள் அசைந்தன. பின்னால் யாரோ, "சொல்லுங்க சேர், சொல்லுங்க!" என்றார்கள். அவர் துண்டை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இதக் கேட்டவர் இஞ்சதான் இருக்கார். அவர் எழும்பி முதல்ல தன்ர பதிலச் சொல்லட்டும். அவர் சொல்லுறதயே நானும் சொல்லுறன்."

ஒருவரும் எழும்பவில்லை. முதலில் யாரோ சிரித்தார்கள், பிறகு மண்டபமே சிரித்தது. பள்ளிவாசல் தலைவர் மறுபடியும் என் தொடையில் தட்டினார். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை என் விடைத்தாள் கட்டுக்குள் அந்தத் துண்டு இருந்தது. என் கேள்விக்குக் கீழே நீல மையில் ஒரே ஒரு வரி: 'மௌலவி, இனிமேல் சிவப்புப் பேனையால எழுதாதீங்க.'

நிமிர்ந்து பார்த்தேன். அவர் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நாலு பேருக்கு முன்னால் என்னைக் கிழித்திருக்கலாம். கிழித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன். மன்னிப்புக் கேட்க எழும்பினேன். மணி அடித்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வருடம் அவர் இடமாற்றம் கிடைத்து மட்டக்களப்புக்குப் போனார். மேடை திரும்ப எனக்கு வந்தது. நான் பேசி முடிய, சனம் கேட்டது, "அந்த சேர் வரல்லியா?" அவர் சொன்ன அந்த வரிக் கதையில் நான் யாருடைய பக்கத்தில் நின்றேன் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. எங்கள் மார்க்கத்தில் ஈசா நபியின் கதை வேறு மாதிரி முடிகிறது. கேள்வி கேட்டவர்களின் மனசு மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

நான் ஓய்வு பெற்றபிறகும் ஒவ்வொரு பெருநாளுக்கும் அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வரும். போன பெருநாளைக்கு, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"சேர், அண்டைக்கு நான் எழுதின அந்தத் துண்டு... என்ன மன்னிச்சுக்கங்க."

"எந்தத் துண்டு மௌலவி?" என்றார். "மகள் சுகமா இருக்காவா? அவ நல்லாக் கேள்வி கேக்குற பிள்ள."

உண்மையாகவே மறந்தாரா, மறந்த மாதிரிக் கதைத்தாரா, தெரியாது. சிவப்பு மை வெளிறிப் போய்விட்டது. அவருடைய நீல எழுத்து அப்படியே இருக்கிறது. மறந்ததோ நடித்ததோ, எதுவானாலும் அது என்னால் முடியாத காரியம். அறுபத்தைந்து வயதில் இன்னும் எனக்கு அந்த மனுசன்மேல் பொறாமையாக இருக்கிறது.