உப்பு போடாத குடுவை

கடலே இல்லாத பெங்களூரில் கடல் நீர் தயாரிப்பதுதான் என் வேலை. காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்பைக் கரைத்து, மேலே கொஞ்சம் டீசல் விடுவேன். சென்னைக்கு வடக்கே எண்ணெய் கொட்டிய கரையிலிருந்து ஓர் ஆய்வு மாணவி கொண்டுவந்த பாக்டீரியா அதில் வளரும், டீசலைத் தின்னும். ஃப்ரீசரில் வைத்தால் பிழைக்கவில்லை. அதனால் வாரம் ஒருமுறை புதுக் குடுவைக்கு மாற்றிவிட்டு, பழையதை ஆட்டோகிளேவ் என்ற பெரிய குக்கரில் அவித்துக் கொட்டுவேன். அவளுடைய பட்டமே அந்தக் குடுவைக்குள்தான் இருந்தது.

ஒருநாள் காலை என் கணவர் உப்புமாவை ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னம்மா, உப்பே போடலையா?" என்றார். உப்புமா கிடக்கட்டும், நேற்று குடுவையில் போட்டேனா?

விவேக் நகரிலிருந்து பஸ்ஸில் போகும்போது, 'போட்டிருப்பேன், போட்டிருப்பேன்' என்று சொல்லிக்கொண்டே போனேன். லேபில் பழைய உப்பு டப்பா போன வாரமே காலி; புது டப்பாவின் சீல்கூடப் பிரியவில்லை. பழைய குடுவையை நேற்றே அவித்துக் கொட்டியாயிற்று. உப்பில்லாத தண்ணீரில் இந்த பாக்டீரியா வெடித்துச் செத்துவிடும் என்று சொல்லிக்கொடுத்ததே அந்தப் பெண்தான்.

யாரும் வருவதற்குள் உப்பை அள்ளிப் போட்டேன். அவசரத்தில் பாதி மேஜையில் சிந்தியது. வாயைத் திறக்கவில்லை. ஒப்பந்த வேலை, போனால் இந்த வயதில் யார் கொடுப்பார்கள்?

மூன்று நாள் அவள் குடுவையை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "ஏங்க்கா இன்னும் கலங்கவே இல்ல?" வளர்ந்திருந்தால் தண்ணீர் கலங்கியிருக்கும். டீசல் மேலே அப்படியே மினுங்கியது. "வெயிட் பண்ணிப் பாக்கலாம் மேடம்" என்றேன், வெட்கங்கெட்டவள். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு வியர்த்தது.

நான்காம் நாள் மேஜையில் கவிழ்ந்து அழுதாள். "நான் எடுத்த சாம்பிளே சரியில்லக்கா. தப்பு என்மேலதான்."

அதற்கு மேல் தாங்கவில்லை. "இல்ல மேடம். நான்தான் உப்பு போட மறந்துட்டேன்."

கத்துவாள் என்று நின்றேன்.

"எப்பக்கா தெரியும் உங்களுக்கு?"

"மறுநாள் காலையிலயே."

"கரையிலருந்து எடுத்த மண்ணு ஃப்ரிட்ஜ்ல ஒரு பாட்டில் மிச்சம் இருந்துச்சுக்கா, அதுலருந்து மறுபடி வளத்திருக்கலாம். அதுவும் கெட்டதுன்னு நெனச்சு நேத்து சாயங்காலந்தான் தூக்கிப்போட்டேன்."