பக்கம் முழுக்க மஞ்சள்

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் நகரில் என் மகள் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் முழுக்க எனக்கும் அவளுக்கும் சண்டைதான். காரணம் ஒரு மஞ்சள் ஹைலைட்டர் பேனா. தேனீயைப் பற்றியோ எரிமலையைப் பற்றியோ ஒரு பக்கக் கட்டுரையை வீட்டுப்பாடமாகக் கொடுத்து அனுப்புவார்கள். அதன் மையக் கருத்து எது, அதற்குத் துணையாக வரும் விவரங்கள் எவை என்று பார்த்து அவற்றுக்கு மட்டும் மஞ்சள் அடிக்க வேண்டும். இவளோ முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை அடித்து வைப்பாள்.

"என்னடி இது, செவுத்துக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி? எது முக்கியம்னுகூடவா தெரியாது?"

கத்திவிட்டுத் தாளைப் பிடுங்கிக் கவிழ்த்துவைத்துக் கேள்வி கேட்பேன். தேனீக்கு எத்தனை கண்? அந்த எரிமலை எந்த நாட்டில் இருக்கிறது? அவள் மஞ்சள் அடிக்காமல் விட்ட வரி ஏதாவது இருந்தால் முதல் கேள்வி அதிலிருந்துதான். சென்னையில் நான் படித்த படிப்பு அப்படி. ஒரு வரியை விட்டால் மார்க் போச்சு.

அப்போதுதான் டீச்சரிடமிருந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ரீடிங்கில் மகளைக் கீழ் குரூப்புக்கு மாற்றிவிட்டார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விடேன், அஞ்சாங் கிளாஸ்தானே" என்றார் கணவர்.

"நீங்க வாயத் தொறக்காதீங்க. இன்னைக்குக் கீழ் குரூப்பு. நாளைக்கு மிடில் ஸ்கூல்ல எங்க கொண்டுபோய் உக்கார வைப்பாங்க?"

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டேன். நானும் ஹைலைட்டரும் கையுமாகக் கடிதத்தை நாலு தடவை படித்து, மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் ஸ்கூலுக்குப் போனேன். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு டீச்சரைப் பிடி பிடியென்று பிடித்தேன். டெஸ்ட் மார்க் என்ன, எந்தப் பத்தியில் என்ன எழுதியிருந்தார் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அந்தப் பெண்மணி அசையவே இல்லை. நான் மூச்சு வாங்கியபோது, "இந்தக் கடிதம் எதைப் பற்றியது?" என்று கேட்டார்.

என்ன திமிர்! "என் பெண்ணைக் கீழே தள்ளியதைப் பற்றி" என்றேன்.

"நான் தள்ளவில்லை. அவளே வந்து கேட்டாள்" என்று என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அந்த வரி அங்கேதான் இருந்தது. அதற்கும் மஞ்சள் அடித்திருந்தேன். அடித்தேனே தவிர மண்டையில் ஏறவில்லை.

மகள் மேல் பாய்ந்தேன். "ஏன்டி போய்க் கேட்ட? யாரு சொல்லிக் குடுத்தா?"

அவள் டீச்சரைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எது முக்கியம் என்று அவளுக்கு எப்போதுமே தெரியுமாம். எதை விட்டாலும் நான் அதைத்தான் கேட்பேன் என்றுதான் எல்லாவற்றையும் அடித்தாளாம். கீழ் குரூப்பில் தாளை வீட்டுக்குக் கொடுத்து அனுப்ப மாட்டார்களாம், வகுப்பிலேயே படித்து முடித்துவிடலாமாம்.

"அங்கே அம்மா இருக்க மாட்டாங்க" என்றாள்.

டீச்சர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். அந்தப் பெண்மணி மேல் அப்போது வந்த வெறுப்பு எனக்கு இன்னும் போகவில்லை.