பருத்தி முளைத்த பூங்கா

நனைந்த பஞ்சின் வாடை...

ஈரத் துணி வாடை மாதிரி இருக்காது. பருத்திக்கொட்டையும் தூசியும் சேர்ந்து லேசாகப் புளித்த வாடை. ராஜபாளையத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த பூங்காவுக்குள் கோடையில் நுழைந்தால் முதலில் அதுதான் மூக்கில் ஏறும்.

இரண்டு நாளாக அந்த வாடை நினைவில் வந்துகொண்டே இருக்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பூங்கா என்று பலகைதான் இருந்தது. உள்ளே கருவேல முள்ளும் உடைந்த சறுக்கு மரமும். நகராட்சியிடம் கேட்டு ஓய்ந்துபோய், தெருக்காரர்களே முள்ளை வெட்டி நாவலும் புங்கையும் பூவரசும் வைத்தோம். நான் மில்லில் ஃபிட்டர். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மரம் வைப்பதை நூலகத்துப் புத்தகங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். குழியின் ஆழத்தைப் பற்றி என்னோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது.

தண்ணீர் ஊற்ற ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பச்சை நிறத்தில் ஒரு ஹோஸ். இன்று ஊற்றிய வீட்டுக்காரர், வேலை முடிந்ததும் அதைச் சுருட்டி அடுத்த வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போய்விடுவார். கதவைத் தட்டக் கூடாது. கூப்பிடவும் கூடாது. காலையில் கதவைத் திறந்தால் ஹோஸ் கிடக்கும்... அன்றைக்கு உங்கள் முறை. அதைத் தாண்டிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

கோடையில் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் ஃபேக்டரியில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு சரோஜா மதினிதான் அதற்கு வழி சொன்னார்கள்.

"கழிவுப் பஞ்சு அங்க சாக்குச் சாக்காக் கெடக்கு. நனைச்சுத் தூர்ல வச்சா ஈரம் காயாதுல்லா."

வைத்தோம். கன்றுகள் தளிர்த்தன. கூடவே, மழை விழுந்ததும், ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் பருத்தி முளைத்துவிட்டது. கழிவுக்குள் கொட்டை கிடக்கும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. பிடுங்கிவிடலாம் என்றேன். பூக்கட்டும் என்று தெருவே என்னை எதிர்த்தது. பூத்தது, காயும் வெடித்தது. ஒரு நாள் நகராட்சி அதிகாரி ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்தார்.

"யாருய்யா பூங்காவுல பருத்தி வெவசாயம் பாக்குறது?"

பலசரக்குக் கடை காதர் அண்ணன் முகத்தை மாற்றாமல் சொன்னார். "நாங்க மரந்தான் சார் வச்சோம். பருத்தி அதுவா வந்து சேந்துக்கிருச்சு. இந்த ஊருல அது எங்கதான் போகல?"

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் பருத்தியைத் தேடி ஆடுகள் வந்தன. பருத்தியோடு கன்றுகளையும் கடித்தன. வேலி வேண்டும் என்று நகராட்சிக்கு நடையாய் நடந்தோம். தப்பித்த நாவல் ஒன்று ஆள் உயரம் தாண்டி வளர்ந்த பிறகுதான் வேலி வந்தது. இரும்புக் கேட் வந்தது. கேட்டுக்குப் பூட்டு வந்தது. சாவி மட்டும் எங்களிடம் வரவில்லை.

'செடிகளைத் தொடாதீர்கள்' என்று ஒரு பலகை வேறு. யார் வைத்த செடி?

வேலி கேட்டதே தப்பு என்று இன்றைக்கும் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாங்கள் ஆட்டுக்குத்தான் வேலி கேட்டோம்.

பூட்டுப் போட்ட அன்று ஹோஸ் என் வாசலில் கிடந்தது. அடுத்த வாசலுக்குப் போகவே இல்லை.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். முந்தாநாள் காதர் அண்ணன் போன் செய்தார்.

"ஏலே, நம்ம நாவ மரத்துல செவப்புப் பெயிண்டுல நம்பர் போட்டுருக்கானுக. நடைபாதைக்கு சிமெண்டுக் கல்லு பதிக்கணுமாம், மரம் எடைஞ்சலாம். புதன்கெழம காலைல பூங்காவுலயே கூட்டம். தெருக்காரங்க கருத்துச் சொல்லலாம்னு நோட்டீஸ் ஒட்டிருக்கு."

"எம்புட்டுப் பேரு வருவாக?"

அவர் தன்னைப் பற்றி மட்டும் சொன்னார். "முட்டி வலிதான்... ஆனாலும் நான் வாரேன்."

அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை. சரோஜா மதினி மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார்கள். தெருவில் பாதி வீடுகளில் புதிய ஆட்கள். அவர்களுக்கு நாவல் என்றால் கார் மேல் கறை போடுகிற மரம். பழைய தெருக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். எல்லாரும் பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. ஒருவர் மட்டும் கும்பிடுகிற கையைப் போட்டிருக்கிறார். வருகிறேன் என்று அர்த்தமா, ஆளை விடு என்று அர்த்தமா?

மகள் வேறு கேட்கிறாள். "யப்பா, நீங்க இப்ப அந்தத் தெருவுலயே இல்ல. நீங்க யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீக?"

குழி வெட்டியவன் என்று சொல்வேன். அது போதும் என்றுதான் நினைக்கிறேன்... போதுமா என்று தெரியவில்லை.

இதைப் படிக்கிற ராஜபாளையத்துக்காரர்கள் நாளைக் காலை வந்து நில்லுங்கள். பேசக்கூட வேண்டாம். நான் பேசிக்கொள்கிறேன்.

அன்றைக்குக் கூப்பிடாமலே வந்தோம். இன்றைக்கு நோட்டீஸ், போன், குரூப் எல்லாம் இருந்தும், கேட்டுக்கு முன்னால் காதர் அண்ணனும் நானும் மட்டும் நிற்கிற காட்சிதான் கண்ணுக்குள் வருகிறது.

அந்தப் பச்சை ஹோஸ் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வெடித்து, விறைத்துப் போய்... முதல் பஸ்ஸில் அதையும் கொண்டு போகிறேன். கூட்டம் தொடங்குவதற்கு முன் தெருவில் ஒரு வாசலில் போடப் போகிறேன். கதவைத் தட்ட மாட்டேன்.

பார்த்ததும் அது என்னவென்று தெரிந்துகொள்கிற வீடு எது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.