கட்டிலை விட்டு இறங்கியவன்

மல்சுனுக்குக் கண் போனது நாற்பத்திரண்டாம் வயதில், தேகு நகரத்து வாடகை வீடொன்றின் சமையலறையில். புருஷன் பியங்தே குடிக்க வைத்திருந்த சோஜு சாராயத்தை அவள் தொட்டியில் கவிழ்த்தாள். அவன் தொட்டிக்கு அடியில் கிடந்த, சாக்கடை அடைப்பு எடுக்கிற காரத் திரவத்தை அவள் முகத்தில் கவிழ்த்தான். உடனே கழுவியிருந்தால் ஒரு கண்ணாவது தப்பியிருக்கும். அவன் குழாயைத் திறக்க விடவில்லை. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து வந்தபோது, கிம்ச்சி ஊறுகாய்க்காகக் கோஸ் ஊறவைத்த உப்புத் தண்ணீரில் அவள் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைக்கு அகப்பட்டது அதுதான்.

அவனுக்கு ஐந்து வருஷம் சிறை. அவளுக்கு ஆறு அறுவை சிகிச்சை, ஒரு விவாகரத்து, தங்கை வீட்டுப் பின்னறையில் நான்கு வருஷப் படுக்கை.

அவர்கள் நாட்டில் மசாஜ் செய்வதற்கான லைசென்ஸ் பார்வையில்லாதவர்களுக்கு மட்டும்தான். அதுவும் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். இரண்டு வருஷப் படிப்பு: எலும்பு, தசை, நரம்பு, நோய், சட்டம். கடைசி ஆறு மாதம் அக்கம்பக்கத்து ஜனங்களை வரவழைத்து, இலவசமாக உடம்பு பிடித்துவிட்டு நேரத்தைக் கணக்கில் ஏற்ற வேண்டும். அதன்பின் செய்முறைத் தேர்வு. சமூகநல அலுவலகத்துப் பெண் இதைச் சொன்னதும் மல்சுன் எழுந்து உட்கார்ந்தாள். “எப்ப சேரணும்?” என்று மட்டும் கேட்டாள்.

வாத்தியார் குவாக்கும் பார்வையில்லாதவர். தன் முதுகைத்தான் மாணவர்களுக்குப் பாடமாகக் கொடுப்பார். மல்சுன் முதல்முறை கை வைத்ததும் கத்தினார்: “ஏம்மா, முதுகுக்கு மிளகாத் தூள் தடவுறியா? கிம்ச்சி போடுற கைய வீட்ல வச்சிட்டு வா!” அவள் வைத்துவிட்டுத்தான் வந்தாள். கட்டை விரல் வீங்கி, தோல் உரிந்து, காய்ப்பு ஏறியது. எலும்புக்கூட்டுப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு முதுகெலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பழகினாள்.

பயிற்சி நிலையத்தில் ஒரு விதி எல்லோரையும் நடுங்க வைத்தது. கட்டிலில் படுத்திருப்பவருக்குக் காயம் பட்டால், யார் மேல் தப்பு என்ற பேச்சே கிடையாது, இரண்டு வருஷமும் போயிற்று. முந்தின ஆண்டு ஒரு கிழவரின் விலா எலும்பை ஒடித்தவன் அன்றே மூட்டை கட்டினான்.

இன்னும் பதினொரு நாள் பயிற்சி பாக்கி. அன்று காலை பத்து மணிக்கு அவள் கட்டிலில் ஒரு ஆள் குப்புறப் படுத்திருந்தான். வாசலில் வேறு பெயர் சொல்லி வந்திருந்தான்.

“ரத்த அழுத்தம் இருக்குதுங்களா? ஆபரேஷன் ஏதாச்சும்?”

பதில் இல்லை. சில பேர் அப்படித்தான், படுத்ததும் தூங்கிவிடுவார்கள். கழுத்திலிருந்து தொடங்கி இடது தோள்பட்டைக்கு வந்தாள். எலும்புக்கு மேலே தகடு வைத்துத் திருகிய மேடு. சாரத்திலிருந்து விழுந்து அவன் படுத்திருந்த நான்கு மாதமும் கஞ்சி ஊட்டியவள் அவள்தான்.

கை நின்றது.

“ஏன்டி நிறுத்திட்ட? நல்லாத்தானே இருந்துச்சு” என்றான் பியங்தே.

“எந்திரிச்சுப் போயிடு.”

“முழுசா ஒரு மணி நேரம்னு வெளிய போர்டு போட்டிருக்கே. நீ செய், நான் பேசுறேன்.” தலையணைக்குள்ளிருந்து சிரித்தான். “கடைக்கு எடம் பாத்துட்டேன். உன் லைசென்ஸ செவுத்துல மாட்டு, மத்தத நான் பாத்துக்கறேன். அந்தக் காயிதத்துல எனக்கும் பாதி இருக்கு தெரியுமில்ல? உனக்குக் கண்ணு இருந்திருந்தா எவன் உன்ன இங்க சேத்திருப்பான்?”

மல்சுனின் கட்டை விரல் அவன் கழுத்து ஓரத்து நரம்பின் மேல் இருந்தது. உடம்பின் பாரத்தை இறக்கினால் போதும். அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

“அமுக்கு பாப்பம். அமுக்கினா உன் ரெண்டு வருஷம் காலி. விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்.”

அவள் விரலை எடுத்தாள். இடுப்புக்குப் போனாள். தசையை வரிசையாக, பாடம் பிசகாமல் பிடித்துவிட்டாள். உதட்டைக் கடித்ததில் வாயில் ரத்தம் கசிந்தது, விழுங்கினாள். நாற்பது நிமிஷம் அவன் பேசிக்கொண்டே இருந்தான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

கட்டில் கிறீச்சிட்டது. கால் இரண்டும் தரையில் விழுந்த சத்தம். அவள் வலது கட்டை விரலைப் பிடித்துப் பின்னுக்கு வளைத்தான். “பேச மாட்டியா? பேச மாட்டியாடி?” குச்சி முறிவது போல ஒரு சத்தம்.

“இப்ப நீ கட்டில்ல இல்ல” என்றாள் மல்சுன்.

இடது முழங்கையை அவன் காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் இறக்கினாள். அவன் கை செத்துத் தொங்கியது. மற்றக் கையால் அவள் முகத்தில் குத்தினான், மூக்கு உடைந்தது. அவள் பின்வாங்கவில்லை. மூச்சு எங்கிருந்து வருகிறதோ அங்கே தலையால் மோதினாள். அவன் பல் ஒன்று தரையில் உருண்டது.

அடுத்த கட்டிலில் ஆள் வரக் காத்திருந்த தொகிம் அக்கா அதற்குள் வந்துவிட்டாள். அறுபது வயது, நல்ல கனம். பின்னாலேயே இன்னும் மூன்று மாணவிகள்.

“எங்க அவன்?”

“இந்தா, காலு கெடச்சிருச்சு!”

“அது என் காலு அக்கா! விடு!”

“அப்ப இது?”

அலறல் பியங்தேயுடையது. “ஆங், இதுதான்” என்று தொகிம் அக்கா முழங்கால் மடிப்பில் கட்டை விரலை ஊன்றிக்கொண்டாள். ஒருத்தி இடுப்பில் ஏறி உட்கார்ந்தாள். ஆயிரக்கணக்கான மணி நேரம் பழகிய கைகள். எங்கே அழுத்தினால் ஆள் அசைய மாட்டான் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போலீஸ் வருவதற்குள் அவன் குரல் போய்விட்டது.

மறுநாள் விசாரணை. அவனுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது, பல் போயிருந்தது. நிலையத் தலைவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: அடி விழுந்தபோது அவன் கட்டிலில் இருந்தானா, தரையிலா?

“பார்த்தவங்க யாராவது உண்டா?” என்று கேட்டுவிட்டு அவரே தொண்டையைச் செருமினார்.

“பாக்குறதுக்கு இங்க யாரு சார் இருக்கா?” என்றாள் தொகிம் அக்கா. “காது இருக்கு. மொதல்ல கட்டில் கத்துச்சு. அப்புறம் காலு ரெண்டும் தரையில விழுந்துச்சு. அப்புறம் வெரல் ஒடிஞ்சுச்சு. அப்புறந்தான் என் தங்கச்சி அடிச்சா. இதே வரிசை. வேணும்னா நீங்க போய்ப் படுத்து எறங்கிப் பாருங்க.”

தலைவர் உண்மையாகவே போய்ப் படுத்து இறங்கினார். கட்டில் கத்தியது. அறையின் அடுத்த கோடி வரை கேட்டது. மல்சுனின் பெயர் தேர்வுப் பட்டியலில் நின்றது.

தேர்வு அதற்கு மூன்றாம் வாரம். விரலில் உலோகப் பட்டை, மேலே கட்டு. தள்ளிப் போடச் சொல்லி வாத்தியார் குவாக் மன்றாடினார். தள்ளினால் ஆறு மாதம், அதற்குள் அவன் ஜாமீனில் வந்துவிடலாம் என்றாள் மல்சுன். ராத்திரி பகலாக அவர் முதுகிலேயே முழங்கையால் பழகினாள். அவர் ஒருமுறைகூட வையவில்லை.

தேர்வாளரும் பார்வையில்லாதவர், தடித்த உடம்பு. படுத்து ஐந்து நிமிஷத்தில் கேட்டார்: “வலது கட்டை விரல் எங்கம்மா?”

“ஒடிஞ்சிருச்சுங்க.”

“வலிக்குதா?”

“வலிக்குது.”

“அப்ப முதுக முழங்கையாலயே முடி. பக்கவாட்டுக்கு இடது கைய எடு.”

முடித்தாள். நெற்றி வியர்வை அவர் முதுகில் சொட்டாமல் இருக்கத் தோளால் துடைத்துக்கொண்டாள். அவர் எழுந்து சட்டையை மாட்டினார், பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார்: “என் மதினிக்கு ரொம்ப நாளா இடுப்பு வலி. நீ எந்தக் கடையில வேலைக்குச் சேரப் போற?”