தாக் பாஹாம்

வாரமெல்லாம் ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை, ஞாயிறானால் சதுரங்கம் என்பதுதான் என் வாழ்க்கை. அன்று ஈப்போ போட்டியில் என் எதிரே உட்கார்ந்த தம்பி, ஆட்டத்துக்கு முன் கைபேசியில், “முடிஞ்சதும் வாரேம்மா” என்று பேசிக்கொண்டிருந்தான்.

ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அவனும் அப்படியே தள்ளினான். என் ராஜா கோணலாக நின்றது. “சரி பண்றேன்” என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டேன். சொல்லாமல் தொட்டால் அந்தக் காயையே நகர்த்த வேண்டும் என்பது விதி. அவன் கையைத் தூக்கி நடுவரை அழைத்தான். மலாய்க்கார நடுவர், நான் என்ன சொன்னேன் என்று அவனிடமே கேட்டார்.

“தாக் பாஹாம்,” என்றான் மலாயில். விளங்கவில்லையாம்.

அப்படியானால் சொன்னதாகக் கணக்கில்லை என்றார் நடுவர். இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவை வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. அதைவிட மட்டமான தொடக்கம் சதுரங்கத்தில் கிடையாது. பக்கத்து மேசையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று ஆடினேன். கடைசியில் அவன் ராணி என்னிடம் சிக்கியது.

மேசைமேல் குனிந்து மெதுவாகக் கேட்டான்: “அக்கா, டிரா பண்ணிக்கலாமா?”

நல்ல தமிழ்.

“தாக் பாஹாம் லா, தம்பி,” என்றேன்.

இன்றும் காயைத் தொடுமுன் “சரி பண்றேன்” என்றுதான் சொல்கிறேன். விளங்காதவர்கள் நடுவரைக் கூப்பிடட்டும்.