பிள்ளையாருக்குப் பின்னால்

சுவிஸின் சோலோதுர்ன் நகரில் எங்களுடைய முதல் குளிர்காலத்தில், அறைச் சுவரில் சாமிப் படங்கள் பெருகிக்கொண்டே போயின. பக்தி கூடியதால் அல்ல, பூஞ்சணம் கூடியதால். படிப்பை இடையில் விட்ட எனக்கு அதன் விஞ்ஞானப் பெயர் இன்றைக்கும் தெரியாது.

மூலையில் உழுந்தளவு கரும்புள்ளியாகத்தான் தொடங்கியது. அம்மா துணியால் துடைத்தாள். அது இன்னும் அகன்று வந்தது. யன்னலை அவள் ஒருநாளும் திறக்க விடமாட்டாள். இடுக்குகளிலெல்லாம் பழந்துணி செருகியிருந்தாள். சோறு உள்ளே அவிந்தது, உடுப்பு உள்ளே காய்ந்தது, அப்பா, அம்மா, சித்தப்பா, நான் என்று எல்லோருடைய மூச்சும் அதற்குள்ளேயே சுற்றியது. பூஞ்சணத்துக்கு நாங்களே ஒரு மாரிகாலம் செய்து கொடுத்திருந்தோம். அதுவும் பதிலுக்குச் சுவர்த்தாளை உரித்தது, கட்டிலை அறை நடுவுக்குத் தள்ளியது, என்னை விடாமல் இருமவைத்தது.

அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருக்கவில்லை. வீட்டைப் பழுதாக்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். ஆகவே சித்தப்பா பிள்ளையார் படத்தைக் கொண்டுவந்து பூஞ்சணத்தின்மேல் மாட்டினார். பூஞ்சணம் பிள்ளையாரைத் தாண்டியதும் முருகன் வந்தார், பிறகு லட்சுமி. சரஸ்வதிக்கும் வேலை வந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பிப் போகும் பிளேனில் எந்தச் சட்டை போடுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அப்பா உணவகத்தில் கோப்பை கழுவப் போயிருந்த ஒரு காலையில், கட்டடத்தைப் பராமரிக்கும் சுவிஸ்காரக் கிழவர் ஹீட்டரைத் திருத்த வந்துவிட்டார். அம்மா அவசரமாக ஊதுபத்தி கொளுத்தினாள்.

“சாமியை ஆர் கழட்டிப் பாக்கப்போறான்? பேசாமல் நில்லுங்கோ அண்ணி,” என்றார் சித்தப்பா.

ஒருவரும் கழட்ட வேண்டியிருக்கவில்லை. ஈரச்சுவரில் ஆணி நழுவி, பிள்ளையார் தானாகவே இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் கன்னங்கரேலென்று சுவர்.

கிழவர் கிட்டப்போய் மூக்கை வைத்து மணந்து பார்த்தார். சிரித்தார். என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்ததால் வீட்டில் கொஞ்சமாவது டொச், அதாவது ஜெர்மன், தெரிந்தவள் நான்தான்.

“என்னவாம்? எங்களை வீட்டைவிட்டு எழும்பட்டாமோ?” அம்மா ஊதுபத்தியும் கையுமாகக் கேட்டாள்.

“இல்லையம்மா. அவரின்ரை அப்பா சீஸ் செய்யிறவராம். நிலவறைக் கதவைச் சாத்திப்போட்டு, இதுமாதிரி ஒண்டை வேணுமெண்டே சீஸில வளர்க்கிறவராம். எங்களுக்கு வேண்டாமெண்டால் யன்னலைத் திறக்கட்டாம்.”

“அவ்வளவுதானோ?” என்றார் சித்தப்பா. நான்கு சாமிகளைக் கூப்பிட்ட பிறகு அவருக்கு அது போதவில்லை.

கிழவரே துணிகளைப் பிடுங்கி யன்னலை அகலத் திறந்தார். பிள்ளையாரைத் தன் சட்டைப்பையிலிருந்த கைலேஞ்சியால் துடைத்து, மேசையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் நான் இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதன்பின் காலையில் அம்மாவே யன்னலைத் திறப்பாள். சுவர் காய்ந்தது, பூஞ்சணம் நின்றது, சாமிகள் ஒவ்வொருவராகப் பெட்டிக்குத் திரும்பினார்கள். அம்மா மட்டும் யன்னலடியில் அசையாமல் நிற்பாள். பனி பார்க்கிறாள் என்று நினைத்து, குளிருது, சாத்துங்கோ என்று கத்துவேன். ஊரில் ஆமி ட்ரக் சத்தம் கேட்டால் யன்னல்களைச் சாத்திவிட்டு என்னைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியவள் அவள். இங்கே யன்னலடியில் நின்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதும், தெருவில் பால்வண்டியைத் தவிர வேறொன்றும் வரவில்லை என்பதால்தான் அவ்வளவு நேரம் திறந்து வைத்தாள் என்பதும் அப்போது எனக்கு விளங்கவில்லை.